மேகம் மூடினால் முள் சரியும்

கோவில்பட்டி
22-11-1964

அன்புள்ள தம்பி ஆசீர்வாதத்துக்கு,

நீயும் ரூபியும் குழந்தையும் கர்த்தர் கிருபையில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அம்மாவைப் பொறுத்தவரை அது முழு உண்மை இல்லை. இடுப்பு எலும்பு இனி ஒட்டாது என்று பாளையங்கோட்டை டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இனிமேல் கட்டில்தான்.

நீ அனுப்பிய பார்சல் நேற்று ஸ்டேஷனுக்கு வந்தது. ஒரு ரேடியோ வால்வுகூட உடையவில்லை. ரூபியின் பழைய சேலையில் சுற்றி அனுப்பியது நல்ல யோசனை. ரிசீவரின் சுற்றுப்படத்தை நானே ஒரு முறை வரைந்து பார்த்துவிட்டேன். அமெரிக்கர்கள் போன மாதம் மேலே அனுப்பிய செயற்கைக்கோள் ஒரே சைகையை ஓயாமல் ஒலித்துக்கொண்டு சுற்றுகிறது. அது நம் ஊருக்கு மேலே போகிற சில நிமிஷங்களில் அதைப் பிடித்து, வானிலைக்கு ஏற்ப அதன் பலம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று குறிக்க வேண்டும். ரிசீவர் கட்டுவதைப் பற்றி எனக்குப் பயமில்லை. கை மறக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் சந்தேகத்தோடு படித்தேன். ஒரு வருஷம் ஒழுங்காகப் பதிவு அனுப்பினால் உன் ஆய்வுப் பேராசிரியர் வைத்யா என்னை ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார், அம்மாவை உன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அப்பா போனபின் மெட்ராஸ் கல்லூரி வேலையை விட்டு வந்து எனக்கு ஆறு வருஷம் ஆகிறது. இந்தப் பள்ளிக்கூடத்தில் நெம்புகோலுக்கு மேல் நான் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. யோசித்துத்தான் எழுதினாயா என்று ஒரு வரி எழுது. யோசிக்காமல் எழுதியிருந்தாலும் இப்போதே சொல்லிவிடு, பரவாயில்லை.

மாடிக்கு ஏரியல் கம்பி கொண்டுபோனதைப் பார்த்து அம்மா கேட்டாள்: “ஏட்டி, பள்ளிக்கூடத்துல பிள்ளைகள வெரட்டுறது போதாதுன்னு, மானத்துல போறதையும் வெரட்டப் போறியா?”

அன்புடன்,
அக்கா வேதமணி


பரோடா
19-12-1964

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் நிலை கேட்டு ரூபி அழுதுவிட்டாள்.

யோசிக்காமல் எழுதுவேனா? பேராசிரியரிடம் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், பௌதிகம் படித்த ஒருவர், அதுவும் வீட்டு மாடியோடு கிடைத்தது அவருக்குப் பெரிய சந்தோஷம். கோவில்பட்டி எங்கே என்று படத்தில் தேடிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

ஏரியலைக் கிழக்கு மேற்காகக் கட்டுங்கள். மில் பக்கத்திலிருந்து இரைச்சல் வந்தால் மின்சார இணைப்பில் நான் வரைந்திருக்கும் வடிகட்டியைப் போடுங்கள். செயற்கைக்கோள் வரும் நேரங்களின் அட்டவணையை மாதாமாதம் தபாலில் அனுப்புவேன். விண்ணப்பத் தாளையும் வாங்கி அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
தேவஆசீர்வாதம்


கோவில்பட்டி
16-2-1965

அன்புள்ள ஆசீர்வாதம்,

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே அம்மாவுக்கு முதுகில் புண் வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலிருக்கும் முத்துமாரியம்மாள் காலையும் மாலையும் வந்து புரட்டிப் படுக்கவைக்க உதவுகிறாள். நான் தனியாகச் செய்தால் அம்மா திட்டுகிறாள். “நீ என்னை மூட்டை மாதிரி உருட்டுத” என்கிறாள்.

இந்தி எதிர்ப்புக் கலவரத்தால் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். வெளியே போக முடியாமல் வீட்டில் கிடந்ததில் ரிசீவர் முடிந்தது. போன வியாழக்கிழமை, நீ குறித்திருந்த நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால், இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒரு கீச்சொலி. முதலில் நான் நம்பவில்லை. மில்லின் மோட்டார் என்றே நினைத்தேன். ஆனால் மீட்டர் முள் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது, கீச்சொலியும் தேய்ந்து மறைந்தது. அடுத்த சுற்றுக்கும் அதே மாதிரி வந்தது. அதன்பின்தான் ஒப்புக்கொண்டேன்.

அன்று அம்மாவுக்கு மத்தியானக் கஞ்சி கொடுக்கத் தாமதமாகிவிட்டது. ஏன் என்று சொன்னேன். “அதுல ஆள் இருக்கா?” என்றாள். இல்லை என்றேன். “ஆளில்லாமலே அது ஊர் ஊராச் சுத்துது” என்று சொல்லிக் கஞ்சியைக் குடித்தாள்.

விண்ணப்பத் தாள் இன்னும் வரவில்லை. தபாலில் தவறியிருந்தால் மறுபடி அனுப்பு.

அன்புடன்,
வேதமணி


பரோடா
24-4-1965

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். குழந்தைக்கு அம்மை வார்த்து இப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோம். மற்றபடி சுகம். அம்மாவின் புண் முழுதும் ஆறியதா?

பதிவுகள் மிகவும் தெளிவாக இருக்கின்றன. முள் ஆடுவதாகப் பதிவில் குறித்திருந்தீர்கள். இரண்டாவது கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். இனி ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் வானம் எப்படி இருந்தது என்று தவறாமல் எழுதுங்கள். மேகம், காற்று, தூறல், எல்லாம் வேண்டும்.

இங்கே வெயில் தாங்கமுடியவில்லை. எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஓடு. வயதானவர்களுக்கு இந்த ஊர் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று ரூபியும் நானும் பேசிக்கொள்வோம்.

உங்கள் அன்புத் தம்பி,
தேவஆசீர்வாதம்


கோவில்பட்டி
3-6-1965

அன்புள்ள ஆசீர்வாதம்,

குழந்தை தேறியது கேட்டுத் திருப்தி. அம்மாவும் தேறியிருக்கிறாள், அதாவது திட்ட முடிகிறது.

ஒரு விசித்திரத்தை எழுதுகிறேன். இதை நீ யாரிடமும் சொல்லவேண்டாம். கோடை மழை சமயத்தில் நாலைந்து முறை வானம் மூடியது. மூடிய ஒவ்வொரு முறையும், செயற்கைக்கோள் மேலே இருந்தபோது முள் பாதிக்குக் கீழே சரிந்தது. மேகம் கலைந்தால் பழைய இடத்துக்கே வருகிறது. நாற்பது மெகாசைக்கிள் அலையை மேகம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது என்றுதான் நான் படித்தேன். மழைகூட வேண்டியதில்லை, வானம் கறுத்தாலே போதும், சரிகிறது. வால்வுகளைச் சோதித்தேன். ஏரியல் இணைப்பைப் புதிதாகப் பற்றவைத்தேன். மாற்றமில்லை.

இங்கன சுற்றிலும் கரிசல் காடு. பக்கத்து மனையில் தீப்பெட்டி ஆபீஸின் களம், அதில் நாள் முழுதும் குச்சி காய்கிறது. உயரமான கட்டடம் எதுவும் கிடையாது. எங்கே பிழை என்று தெரியவில்லை, ஆனால் பிழை இருக்கத்தான் வேண்டும். வடகிழக்குப் பருவமழை வரை பார்க்கிறேன்.

அம்மாவை வைத்துக்கொள்வது பற்றி நீ போனமுறை எழுதியதை இரண்டு விதமாகப் படிக்கலாம். எந்த விதம் என்று எழுது. பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷமும் இருப்பேனா என்று தலைமையாசிரியை கேட்கிறார்கள். விண்ணப்பத் தாளையும் மறக்காதே.

அன்புடன்,
வேதமணி


பரோடா
9-6-1965

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும். உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பேராசிரியரிடம் காட்டிவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இடிமேகத்தின் மின்சாரம் மேலே உள்ள அயனிப் படலத்தைக் கலைக்கிறது, அதைக் காந்த நடுக்கோட்டின் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல்முறை என்கிறார். என் ஆய்வேட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டிசம்பர் மாநாட்டில் நான் கட்டுரை படிக்கிறேன். முடிவில் உங்கள் பெயரைச் சொல்லி நன்றி கூறுவேன்.

பிழை பிழை என்று உங்களையே சந்தேகப்படாதீர்கள். சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு இது உண்டு. எல்லா மேகத்தையும் குறித்து அனுப்புங்கள். பள்ளிக்கூடத்து வேலையை இப்போது விடவேண்டாம். மற்றவை நேரில்.

உங்கள் அன்புத் தம்பி,
தேவஆசீர்வாதம்


பரோடா
12-10-1965

அன்புள்ள மைனிக்கு ரூபி எழுதுவது.

உங்களுக்கும் அத்தைக்கும் என் ஸ்தோத்திரங்கள். பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது இங்கே தினமும் சாயங்காலம் விளக்கை அணைத்துவிடுவார்கள். குழந்தை பயந்து மடியை விட்டு இறங்கமாட்டான். இப்போது எல்லாம் அடங்கிவிட்டது. உங்கள் தம்பிக்கு எழுத நேரமில்லை, மாநாட்டுக் கட்டுரை அச்சுக்குப் போகிறது. அதனால் நானே எழுதுகிறேன்.

அத்தைக்குப் போர்த்த ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு சேலையும் வைத்திருக்கிறேன், நிறம் பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

மைனி, உங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்குப் பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ‘உங்கள் அக்காவை இங்கே அழைத்துக்கொள்ளலாமே’ என்று அவராகவே கேட்டார். இவர்கள்தான், அக்கா அம்மாவையும் சொந்த ஊரையும் விட்டு வரமாட்டார்கள், கேட்டாலே வருத்தப்படுவார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு மனசு வராது.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரூபி


கோவில்பட்டி
5-11-1965

அன்புள்ள ஆசீர்வாதம்,

ரூபி அனுப்பிய கம்பளி வந்தது. அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. சேலையும் வந்தது. கடிதமும் வந்தது.

இனி விஷயம். தீபாவளிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் ஒரு வாரம் மூடியிருந்தது. அந்த வாரம் முழுதும் வானம் கறுத்துக் கிடந்தது. முள் ஒரு முறைகூடச் சரியவில்லை. அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

ஆபீஸ் திறந்த இரண்டாம் நாள், வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகமில்லை. நான் மாடியில் ரிசீவர் முன்னால் இருந்தேன். கீழே களத்தில் மேஸ்திரி சங்கரபாண்டி கத்தினார்:

“ஏட்டி, தகரத்தை எடுங்க! மூடுங்க, மூடுங்க!”

குச்சி பரப்பிக்கொண்டிருந்த சங்கரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணாச்சி, மானம் கண்ணாடியாட்டம் கெடக்கு. எதைப் பாத்து மூடச் சொல்லுதீங்க?”

“என் முட்டி குத்துது. மழை வரும்.”

“முட்டி குத்துனா எண்ணெய் போடுங்க. தகரத்தைப் போட்டா சரியாப் போயிருமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் தகரங்களை இழுத்துக் களம் முழுதும் மூடினார்கள். என் கண்ணெதிரே முள் பாதிக்குக் கீழே சரிந்தது.

மழை வரவில்லை. மறுநாள் நானே இறங்கிப் போய், செயற்கைக்கோள் வரும் நேரத்தில் மூடச் சொன்னேன். சரிந்தது. எடுக்கச் சொன்னேன். ஏறியது. “டீச்சருக்கும் முட்டி வலியா?” என்றாள் சங்கரம்மாள்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. நேராக வரும் அலையோடு தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஏரியலில் சேர்கிறது. வானம் கறுத்தால் களத்தை மூடுவது இந்த ஊர் வழக்கம். மூடியவுடன் என் ஏரியலுக்குக் கீழே கரிசல் மண் இருந்த இடத்தில் ஒரு பெரிய தகரத் தரை வந்துவிடுகிறது, அதில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையைப் பாதி அழித்துவிடுகிறது. இத்தனை மாதமும் நான் மேகம் என்று எழுதியதெல்லாம் தகரம். மூடும்போதெல்லாம் அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே பார்க்கத் தோன்றவில்லை.

மாநாட்டுக்கு இன்னும் நாளிருக்கிறது. பேராசிரியரிடம் நீயே சொல்லிவிடு. அதுதான் உனக்கு மரியாதை.

இரண்டு மாதம் ஆனாலும் வராத உன் பதில், மேகம் பற்றி எழுதியபோது ஆறு நாளில் வந்தது. இதற்கும் சீக்கிரம் எழுது.

வேதமணி


பரோடா
11-11-1965

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறார்கள்? எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கட்டுரை அச்சாகிவிட்டது. நாலு பேர் அதை மேற்கோள் காட்டப்போகிறார்கள். இந்த நேரத்தில் தகரம் என்று சொன்னால் பேராசிரியருக்கும் தலைகுனிவு, எனக்கு ஆய்வேடே இல்லை. ஒரு நாள் முட்டி வலியை வைத்து ஒன்பது மாதப் பதிவைத் தள்ளிவிட முடியுமா? சில சரிவுகளாவது உண்மையான மேகமாக இருக்கலாம் அல்லவா? மாநாடு முடியட்டும். பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை இது நமக்குள் இருக்கட்டும்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த விண்ணப்பத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி எனக்கே அனுப்புங்கள், நானே கையோடு கொடுக்கிறேன். மாநாடு நல்லபடி நடந்தால் ஜனவரியில் நீங்கள் இங்கே சேர்ந்துவிடலாம். அம்மாவுக்கும் பெரிய வீடாகப் பார்த்துவிடுவேன். இது நான் யோசித்து எழுதுவது.

உங்கள் அன்புத் தம்பி,
ஆசீர்வாதம்


கோவில்பட்டி
20-11-1965

ஆசீர்வாதத்துக்கு,

அம்மா நன்றாகத் தூங்குகிறாள். நீயும் தூங்கு, உடம்பைப் பார்த்துக்கொள்.

தாளை எடுத்துப் பெயர், படிப்பு, பிறந்த தேதி எல்லாம் நிரப்பினேன். நீ அனுப்பிய தாள் நல்ல தாள், மை ஊறவில்லை. ‘இதுவரை செய்த ஆய்வு’ என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். மேகம் என்று எழுதினால் எனக்கு வேலை கிடைக்கும், அம்மாவுக்கு வீடு கிடைக்கும், உனக்குப் பட்டம் கிடைக்கும். இரண்டு நாள் அந்த இடத்தை நிரப்பாமல் மேஜையில் வைத்திருந்தேன். எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்ததும் உண்டு. நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று உனக்குத் தெரியட்டும்.

அப்புறம் தகரம் என்று எழுதினேன். மூடியபோதும் எடுத்தபோதும் முள் நின்ற இடங்களையும் எழுதி, நேராகப் பேராசிரியருக்கே அனுப்பிவிட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. பிழையைக் கண்டதும் தம்பிக்கு எழுதினேன், அச்சுக்குப் போனபின் எழுதியதால் அவனால் நிறுத்த முடியவில்லை என்றே எழுதினேன். அதோடு, என்னைப் பற்றி அவருக்குத் தவறாகத் தெரிந்திருக்கிறது, ஊரை விட்டு வர எனக்கு விருப்பம் உண்டு என்றும் எழுதினேன்.

ரூபியைக் கோபிக்காதே. அவள் என்னை உயர்வாக நினைத்துத்தான் சொன்னாள்.

வேதமணி


பரோடா
17-1-1966

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் சுகத்தை அறிய ஆவல்.

கட்டுரையை விலக்கிக்கொண்டோம். மாநாட்டில் பேராசிரியரே எழுந்து காரணத்தைச் சொன்னார். அன்று நான் வெளியே நின்றுகொண்டேன். ஆய்வேட்டுக்கு வேறு தலைப்பு கொடுத்திருக்கிறார், இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

உங்களைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘இங்கே மேஜைக்கு முன்னால் உட்கார எனக்கு யாரும் கிடைப்பார்கள். களத்தில் இறங்கித் தகரத்தை நகர்த்திப் பார்க்கிற ஆள் அந்த இடத்தில் இருப்பது அபூர்வம். அவரை நகர்த்தக் கூடாது.’ கோவில்பட்டியைப் பதிவு நிலையமாக்க மூன்று வருஷத்துக்கு அனுமதி வாங்கிவிட்டார். பேனா தானாகக் கோடு இழுக்கும் கருவி ஒன்று உங்களுக்கு வருகிறது. நியமனக் கடிதம் அவரிடமிருந்து நேராக வரும். இதில் என் கை எதுவும் இல்லை, அக்கா. சத்தியமாக இல்லை. இந்த முறை நான் உங்களுக்காகக் கேட்டும் பார்த்தேன்.

ரூபி மறுபடி உண்டாகியிருக்கிறாள். பெரிய வீடு பார்ப்பது தள்ளிப்போகிறது.

தம்பி,
ஆசீர்வாதம்


கோவில்பட்டி
2-2-1966

ஆசீர்வாதத்துக்கு,

ரூபி உண்டாகியிருப்பது நல்ல செய்தி. பாரம் தூக்கவிடாதே. முத்துமாரியம்மாள் அவளுக்கு உளுந்தங்களி மாவு திரித்துத் தந்திருக்கிறாள், தனிப் பார்சலில் வரும்.

நீ கேட்டுப் பார்த்தாய் என்பதை நம்புகிறேன். பேராசிரியரின் கடிதமும் வந்தது. நல்ல மனிதர். என்னை இவ்வளவு மதித்த ஒருவர் என்னை இங்கேயே இருக்கச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் அங்கே வந்திருப்பேன் என்று ஒரு நாள் முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். ஏரியலை ஊருக்கு வெளியே, தகரம் இல்லாத கரிசல் காட்டில் நடப்போகிறேன். இனிப் பதிவுகளை நேராக அவருக்கே அனுப்புவேன், கேள்விகளையும் அவரிடமே கேட்டுக்கொள்வேன். உனக்கு எழுதும் கடிதங்களில் அம்மாவைப் பற்றி மட்டும் இருக்கும். நீயும் அம்மாவைப் பற்றி மட்டும் கேள். கேட்டால் போதாது, ஒரு முறை வந்து பார்.

அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். இத்தனை நாளும் நான் எதற்காக இதைக் கட்டினேன் என்று அவளிடம் சொன்னதேயில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்பம் நீ போகல?” என்றாள்.

“இல்லை. மூன்று வருஷத்துக்கு இங்கேதான்.”

“போகணும்னுதான இருந்த?”

“ஆமாம்.”

“எனக்காகவா போகல?”

“இல்லை. இங்கேதான் வேலை கொடுத்திருக்கிறார்கள்.”

அம்மா தன்னைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னாள். புரட்டும் நேரம் அது இல்லை. சந்தோஷத்தை என்னிடம் காட்டக் கூடாது என்று நினைக்கிறாள் என்று தெரிந்தது. புரட்டிவிட்டேன்.

வேதமணி